தரையை விட்டு எழும்பாத திலகவதி

இங்கிலாந்தின் நடுவிலே, ஆடும் மாடும் வேலிப்பற்றையுமாகக் கிடக்கிற விதர்லி என்ற சின்ன ஊரிலே, பல தலைமுறையாக ஊமையாய்த் தொங்கிய தேவாலயத்து மணிகள் ஆறையும் சனம் கேக் சுட்டு விற்றும் பழைய உடுப்பு விற்றும் ஒருவழியாகத் திருத்தி, வசந்தகாலத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் முதல் தடவையாக அடித்தபோது, வெளியில் நின்றவர்களும் வீட்டுக்குள் இருந்தவர்களும் பதுங்கிக்கிடந்த பூனைகளும் கட்டியிருந்த நாய்களும் மெல்ல மெல்லத் தரையை விட்டு எழும்பினார்கள். தபால் கந்தோர்க் கடைக்காரி திலகவதி மட்டும் எழும்பவில்லை.

அவள் கடை வாசலில் உருளைக்கிழங்கு மூட்டையோடு மல்லுக்கட்டிக்கொண்டு நின்றாள். பக்கத்தில் ஹெஸ்டர் ப்ரூம் நின்றார். விதர்லியின் சரித்திரத்தைக் கரைத்துக் குடித்த மனுசி அவர். ஊரைப் பற்றி அவர் எழுதிய மெல்லிய புத்தகம் கடையில் தபால் முத்திரைகளுக்குப் பக்கத்தில் விற்பனைக்குக் கிடந்தது. ஹெஸ்டர் வானத்தைப் பார்த்து, "பின்னேரம் மழை வரும் போலை கிடக்கு" என்று சொல்லத் தொடங்கினார்; சொல்லி முடிக்கும்போது அவருடைய சப்பாத்து திலகவதியின் முழங்காலுக்கு நேரே நின்றது. "வந்தால் நல்லதுதான், என்ரை றோசாவுக்கு" என்றபோது தோளுக்கு நேரே நின்றது.

"மிஸஸ் ப்ரூம், நீங்கள் மேலை போறியள்," என்றாள் திலகவதி.

"ஓம், அப்படித்தான் தெரியுது," என்றார் ஹெஸ்டர், கடையின் பெயர்ப்பலகையைப் பிடித்துக்கொண்டு. "பாண் ஒண்டு எட்டித் தாறீங்களே டில்லி? வாங்க மறந்துபோனன்."

அவர்கள் கதைத்தது இங்கிலீசில்தான். ஆனால் திலகவதி இதையெல்லாம் கனடாவில் இருக்கிற தமக்கைக்குத் தொலைபேசியில் சொன்னபோது யாழ்ப்பாணத்துக் கரவெட்டித் தமிழில்தான் சொன்னாள். அந்தத் தமிழிலேயே கதையும் போகட்டும். திலகவதி என்ற பெயரை ஊரவர் 'டில்லி' என்று சுருக்கிவிட்டார்கள். அவர்களுக்கு அது பழங்காலத்து இங்கிலீஸ்காரிகளின் பெயர். அவளுடைய கணவர் குகதாசனுக்கோ அது இந்தியாவின் வடக்கே கிடக்கிற ஒரு பட்டணம். அதைச் சொல்லிச் சொல்லி வருசக்கணக்காகச் சிரித்துக்கொண்டிருந்தார்.

அந்தக் குகதாசன்தான், பேப்பர்க் கட்டை எடுத்துவரப் போன மனுசன், இப்போது மதுச்சாலை மூலையைத் திரும்பி ஓட்டுக்கூரை உயரத்தில் மிதந்து வந்தார். கட்டை நெஞ்சோடு அணைத்திருந்தார். ஒரு செருப்பைக் காணவில்லை. கல்யாணத்தன்றுகூட இல்லாத ஒரு வெளிச்சம் முகத்தில் இருந்தது.

"திலகம்! இஞ்சை பாரும்! என்னைப் பாரும்!"

திலகவதி அவரைப் பார்த்தாள். எதிர்ப்பக்கம் மதுச்சாலைக்காரன் க்ளைவ் கையில் பீர்க் குவளையோடு தன் புகைபோக்கியைச் சுற்றி வருவதைப் பார்த்தாள். வேலிக்கு அப்பால் செம்மறிகள் வெள்ளை மேகமாய் எழும்பி, காலை உதறி, எழும்பிய இடத்திலேயே அசைபோடத் தொடங்குவதைப் பார்த்தாள். பிறகு குனிந்து தன் கால்களைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பொறுத்தாள். நுனிவிரலில் நின்றாள். ஒன்றும் நடக்கவில்லை. கால்கள் நட்டு வைத்ததுபோல நின்றன.

அந்த ஊர் மணிகள் எங்கள் கோயில் மணிகளைப்போல அடித்துவிட்டு விடுகிறவை அல்ல. முழுவட்டமாகச் சுழல்கிறவை, நிறுத்துகிறபோதும் ஒரே பிடியில் நிறுத்தமாட்டார்கள், சுழற்சியைக் கொஞ்சங் கொஞ்சமாகச் சுருக்கி, ஊஞ்சலை ஓயவிடுவதுபோல ஓயவிடுவார்கள். அதனால் சனமும் கொஞ்சங் கொஞ்சமாக இறங்கியது. எல்லோரும் உடுப்பைத் தட்டிவிட்டு, ஒருவரையொருவர் பார்த்து, "நல்ல மணிச்சத்தம்" என்று சொல்லிக்கொண்டு மத்தியானச் சாப்பாட்டுக்குப் போனார்கள்.

அடுத்த நாள் காலை ஹெஸ்டர் ப்ரூம் கடைக்கு ஓடிவந்து தன் புத்தகங்களை எல்லாம் அள்ளிப் பைக்குள் போட்டார்.

"எல்லாம் பிழை டில்லி, ஒரு பக்கம் மிச்சமில்லாமல் பிழை!" என்றார். பிழை விட்டவர் முகம் அல்ல அது, புதையல் கண்டவர் முகம். "அந்த இரும்பு வளையங்கள், ஞாபகமே?"

விதர்லியில் எந்த மதிலைப் பார்த்தாலும் முழங்கால் உயரத்தில் துருப்பிடித்த இரும்பு வளையம் இருக்கும். குதிரை கட்ட என்று எழுதியிருந்தார் ஹெஸ்டர். பழைய வீடுகளின் மேல்மாடியில் படியும் பலகணியும் இல்லாமல் வெறும் ஆகாயத்துக்குத் திறக்கிற கதவுகள் இருந்தன. அவை வைக்கோல் ஏற்ற என்று எழுதியிருந்தார். மதுச்சாலையின் உட்கூரைச் சட்டங்களில் பாதத்தடங்கள் பதிந்திருந்தன. தச்சன் விளையாட்டாக விட்ட பகிடி என்று எழுதியிருந்தார். மணிக்கோபுரத்து அறையின் தரையில், கயிறு ஒவ்வொன்றுக்கும் கீழே, கால் நுழைக்கிற மாதிரி ஒரு தோல்வார் அடித்திருந்ததை என்ன என்று தெரியாமல் எழுதாமலே விட்டிருந்தார்.

"குதிரைக்கில்லை, ஆக்களுக்கு! ஆக்களைக் கட்டி வைக்க! மேல்மாடிக் கதவாலை அவையள் பக்கத்து வீட்டுக்குத் தேத்தண்ணி குடிக்கப் போயிருக்கினம்! இந்த ஊர் ஒருகாலம் முழுக்க மேலைதான் வாழ்ந்திருக்கு டில்லி, நாங்கள்தான் இடையிலை மறந்துபோனம்!"

அதைக் கேட்டதும் ஊருக்குப் பெரிய நிம்மதி. புதுசாக ஒன்று நடந்தால்தான் அவர்களுக்குச் சங்கடம். பழைய வழக்கம் என்று தெரிந்துவிட்டால் எதையும் செய்வார்கள். ஊர்ச்சபை கூடி, ஞாயிறு காலையும் புதன் பின்னேரமும் மணி அடிப்பது என்றும், அந்த நேரம் எல்லோரும் இடுப்பில் கயிறு கட்டி வளையத்தில் முடிந்துகொள்வது என்றும், செம்மறிக்கு ஆட்டுக்காரரே பொறுப்பு என்றும் தீர்மானித்து, பிறகு வழக்கம்போலக் கார் நிறுத்தும் இடத்தைப் பற்றி இரண்டு மடங்கு நேரம் சண்டை பிடித்தது.

அந்தக் கோடை முழுக்க விதர்லிக்குத் தலைகால் தெரியவில்லை. உச்சிக்கொப்பு அப்பிள்கள் வருசக்கணக்காகப் பறவைக்கென்று விட்டவை, அவற்றைக் கையால் பறித்தார்கள், கூரைப் பீலிகளைத் துப்புரவாக்கினார்கள், பக்கத்து வீட்டுக் கூரையில் ஓடு வெடித்திருக்கிறது என்று பக்கத்து வீட்டாருக்குப் பெருந்தன்மையாக அறிவித்தார்கள். முழங்கால் வருத்தக்காரர்கள் புதன்கிழமைக்காகவே உயிரை வைத்திருந்தார்கள். தகப்பனுடைய நிலத்தைப் பிரித்ததில் முகம் பாராமல் போன அண்ணன் தம்பி இருவர் ஊர்த் தெரு ஒழுங்கை ஒன்றுக்கு மேலே கண்ணை மூடிக்கொண்டு மிதந்து, தலையோடு தலை முட்டுப்பட்டு, 'சொறி' என்று மன்னிப்புச் சொல்லிவிட்டார்கள். சொன்னதைத் திரும்ப எடுக்க முடியாமல் அன்றிலிருந்து கதைக்கத் தொடங்கினார்கள். பெண்கள் பாவாடையை விட்டுக் காற்சட்டைக்கு மாறினார்கள். பாதுகாப்புப் பரிசோதனைக்கென்று நகரத்திலிருந்து ஒரு உத்தியோகத்தர் வந்தார். வந்தவர், "இது உடனடியாக நிப்பாட்டவேண்டிய விசயம்" என்று வாயெடுத்தபோது புதன்கிழமை மணி தொடங்கிவிட்டது. அவர் அந்த வசனத்தைத் தேவாலயத்துக் காற்றுச்சேவலுக்கு முன்னால் சொல்லி முடித்தார். இறங்கியபின், அடுத்த பரிசோதனைக்கு மனைவியையும் கூட்டிவரலாமா என்று கேட்டார்.

திலகவதி கீழே நின்றாள்.

முதலில் அது ஒரு வேலையாகவே இருந்தது. யாராவது கீழே நின்று முடிச்சைப் பார்க்கவேண்டும், கழன்ற தொப்பியைப் பொறுக்கவேண்டும், மேலே தேத்தண்ணி கேட்கிறவர்களுக்கு வாளியைக் கயிற்றில் கட்டிவிடவேண்டும். அவள் சுறுசுறுப்பான பெண். மணி கேட்டதும் கடையை அடைத்து, சேலையை இழுத்துச் செருகி, குளிர்மேலங்கியை அதற்கு மேலே போட்டுக்கொண்டு, வளையம் வளையமாகப் போய் முடிச்சை இழுத்துப் பார்ப்பாள். மேலே இருந்து எல்லோரும், "டில்லி, நீ இல்லாட்டி நாங்கள் என்ன செய்வம்!" என்று கத்துவார்கள். அவள் கையைக் காட்டுவாள்.

ஆனால் காரணம்தான் பிடிபடவில்லை. இந்த ஊர் மண்ணில் முன்னோரைப் புதைத்தவர்கள்தான் எழும்புவார்கள் என்று ஒருவர் ஒரு புதன் பின்னேரம் மதுச்சாலையில் தொடங்கினார். தொடங்கும்போதே குகதாசன் கூரையில் முதுகு உரசிக்கொண்டு அவருக்கு மேலே மிதந்ததால் வெட்கப்பட்டு நிறுத்திவிட்டார். போலந்துக்காரப் பால்காரன் எழும்பினான். வழிதவறி வந்த பாரவண்டிச் சாரதி வண்டியை விட்டு எழும்பினான். ஒருநாள் காருக்குப் பெற்றோல் கேட்டு வந்த யாரோ ஒரு பெண், கைக்குழந்தையோடு எழும்பி, குழந்தை சிரித்த சிரிப்பில் தானும் அழுது சிரித்தாள். கடைத் தராசில் ஏறி நின்று பார்த்தாலும் திலகவதிக்கு ஒரு பிசகும் இல்லை, ஹெஸ்டரைவிட மெலிவுதான்.

அவள் ஒருவருக்கும் சொல்லாமல் முயன்றாள். ஒரு ஞாயிறு ஒன்றும் சாப்பிடாமல் நின்றாள். ஒரு புதன் தாலிக்கொடியையும் காப்பையும் கழற்றி அரிசி டப்பாவுக்குள் வைத்துவிட்டு நின்றாள். செருப்பில்லாமல் புல்லில் நின்றாள். மணி தொடங்குகிற கணத்தில் கடைப்படியிலிருந்து குதித்துப் பார்த்து, குதிகாலை நோகப்பண்ணினாள். அதை க்ளைவ் கண்டுவிட்டார். கண்டதும் அவருக்கு மனம் பொறுக்கவில்லை, நல்ல மனுசன். "நாங்கள் தூக்கிக்கொண்டு போறம்" என்று ஒரு கையை அவர் பிடித்தார், மற்றக் கையைக் குகதாசன் பிடித்தார். மணி அடித்தது. இருவரும் எழும்பவில்லை. அவர்களைப் பால்காரன் பிடித்தான்; அவனும் எழும்பவில்லை. அவனைத் தேவாலயத்துப் போதகரம்மா பிடித்தார், அவரும் நின்றுவிட்டார். கைகோத்த வரிசை ஒழுங்கை முனைவரை நீண்டு, அத்தனை பேரும் தரையில் வரிசையாக நின்று, வயிறு குலுங்கச் சிரித்தார்கள். திலகவதியும் சிரித்தாள். பிறகு இரண்டு கையையும் விட்டாள். வரிசை முழுக்கச் சட்டென்று மேலே போனது.

ஹெஸ்டர் அதற்கும் சரித்திரத்தில் விடை கண்டார். இடுகாட்டு மூலையில், பழைய யூ மரத்துக்குக் கீழே, ஒரு கல்லுப் பெண் நிற்கிறாள். முகம் மழையில் கரைந்துவிட்டது, பாதங்கள் மட்டும் பெரிசு, வேர்மாதிரி மண்ணைப் பிடித்தவை. யாரோ ஒரு புனிதை என்று நினைத்திருந்தார்கள்.

"புனிதை இல்லை, தரைக்காரி," என்றார் ஹெஸ்டர். "எல்லாக் காலத்திலையும் ஒருத்தர் எழும்பாமல் இருந்திருக்கிறா. அவவைக் கும்பிட்டிருக்கினம். டில்லி, நீங்கள்தான் எங்கடை தரைக்காரி!"

ஊர் கூடி அவளுக்கு ஒரு இரும்பு வளையத்தைப் பட்டுநாடாவில் கோத்துக் கழுத்தில் போட்டது. கை தட்டினார்கள். போதகரம்மா அழகாகப் பேசினார். திலகவதி எல்லோருக்கும் நன்றி சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து, குசினியில் வெங்காயம் வெட்டத் தொடங்கினாள். இரண்டு பேருக்குத் தேவையானதைவிட அதிகமாக வெட்டினாள்.

"என்ன இது, கல்யாண வீட்டுக்கோ?" என்றார் குகதாசன் வாசலில் நின்று.

"எனக்குப் பட்டம் வேண்டாம்."

"மரியாதை தந்திருக்கினம் திலகம். இந்த ஊரிலை வேறை ஆருக்கு—"

"நீங்கள் ஞாயிற்றுக்கிழமை இறங்கி வந்து, மேலை இருந்து ஆறு தெரியுது, அங்காலை தோட்டம் தெரியுது எண்டு அரைநாள் சொல்லுறியள். நான் ஓம் ஓம் எண்டு கேக்கிறன். கனடாவிலை இருக்கிற அக்கா கேக்கிறமாதிரி. நானும் இந்த ஊரிலைதானே இருக்கிறன்?"

குகதாசன் உள்ளே வந்தார். "சரி, அப்ப இனி நானும் போகேல்லை. உம்மோடை கீழை நிக்கிறன்," என்றார்.

"போகாட்டி உங்கடை தொங்கின முகத்தை ஆர் பாக்கிறது! போங்கோ," என்றாள் திலகவதி. அழுதாளா வெங்காயமா என்று அவர் கேட்கவில்லை. அன்றிலிருந்து அவர் மேலே கண்டதைக் கீழே வந்து சொல்வதை நிறுத்திவிட்டார். அது அவளுக்கு இன்னும் மோசமாக இருந்தது.

விதர்லி தோன்றி ஆயிரம் வருசம் என்று ஹெஸ்டர் கணக்குப் பார்த்துச் சொன்ன அந்த ஆவணி மாதச் சனிக்கிழமை பெரிய விழா வைத்தார்கள். வழக்கமாக அரைமணி நேரம் அடிக்கிற மணியை அன்று மத்தியானம் தொடங்கிப் பொழுது சாயும்வரை விடாமல் அடிப்பதென்று மணிக்காரத் தலைவி நோரா பெக் சொன்னார். நோரா குதிரைக்கு லாடம் அடிக்கிற பெண், தோள் இரண்டும் கதவு நிலைபோல. அவர் சொன்னால் ஊர் மறுக்காது. குகதாசன் தட்டுத் தட்டாக இறைச்சி அடைத்த பற்றீஸும் றோல்ஸும் சுட்டார். க்ளைவ் பீப்பாய் ஒன்றை முதுகில் கட்டிக்கொண்டார். மணி தொடங்கியது, ஊர் எழும்பியது.

நேரம் போகப் போக உயரமும் கூடியது. வழக்கமான கூரை உயரத்தைத் தாண்டி, யூ மரத்தைத் தாண்டி, கயிறு இழுபடும்வரை போனார்கள். கயிறு இழுபட்டதும் யாரோ ஒருவர் முடிச்சை அவிழ்த்தார், இன்றைக்கு மட்டும் என்று. அதைப் பார்த்து மற்றவர் அவிழ்த்தார். திலகவதி கீழே நின்று, "அவிழ்க்காதேங்கோ! கட்டுங்கோ!" என்று கத்தக் கத்த, கயிறுகள் ஒவ்வொன்றாக வானத்திலிருந்து பாம்புபோல விழுந்தன. காற்றுச்சேவலுக்கு மேலே ஊர் முழுக்கக் கைகோத்து வட்டமாகச் சுற்றியது, பற்றீஸ் கைமாறியது, போதகரம்மா குட்டிக்கரணம் அடித்தார், அண்ணனும் தம்பியும் ஒரே சிகரெட்டைப் புகைத்தார்கள். வட்டத்தின் உச்சியில், எல்லோருக்கும் மேலே, தட்டைத் தலையில் வைத்துக்கொண்டு குகதாசன் ஒரு புள்ளியாகத் தெரிந்தார்.

மணிக்கோபுரத்துக்குள்ளும் அதே ஆனந்தம் பிடித்துவிட்டது. அடிக்கிறவர்களுக்கு மட்டும் என்ன பாவம், தோல்வாருக்குள் காலை விட்டுக்கொண்டு நாள் முழுக்கத் தரையில் நிற்க? சின்ன மணிக்காரர் வாரிலிருந்து காலை உருவினார், உருவியதும் மிதந்து போய் உட்கூரையில் ஒட்டினார், கயிறு கையை விட்டது, சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டு அடுத்தவர் உருவினார்.

வெளியே நின்ற திலகவதிக்கு முதலில் சத்தத்தில் ஒரு பல் விழுந்ததுபோல இருந்தது. ஆறு மணிச் சத்தம் ஐந்தானது. மேலே நின்ற சனம் ஒரு குலுக்கலோடு கீழே இறங்கி நின்றது; "ஓ!" என்று சிரித்தார்கள். பிறகு நான்கானது. இன்னொரு குலுக்கல். ஒரு றோல்ஸ் தட்டு இடுகாட்டில் வந்து விழுந்து நொறுங்கியது. யாரும் சிரிக்கவில்லை. அவள் மேலே பார்த்தாள். பிடிக்க ஒரு கயிறு இல்லை. ஆட்கள் மரத்துக்கு மேலே, கல்லறைகளுக்கு மேலே, வெறும் ஆகாயத்தில் நின்றார்கள். மணி முழுக்க நின்றால் என்ன நடக்கும் என்று அவளுக்கு யாரும் சொல்லத் தேவை இருக்கவில்லை.

சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கோபுரப் படிகளில் ஓடினாள். சுருண்டு சுருண்டு போகிற கல்லுப்படி. பாதியில் மூன்றாவது மணி ஓய்ந்தது கேட்டது. கதவைத் தள்ளியபோது இன்னும் இரண்டு ஓய்ந்திருந்தன.

உட்கூரையில் ஐந்து மணிக்காரர்கள் பல்லிமாதிரி ஒட்டிக்கொண்டிருந்தார்கள். மிஞ்சியது பெரிய மணி ஒன்று. அதன் கயிற்றில் நோரா பெக். அவர் வாரைக் கழற்றவில்லை, வார்தான் அறுந்துவிட்டது. பாரமில்லாத மனுசி, கயிற்றைப் பிடித்த பிடியோடு, கூரைக்கும் தரைக்கும் நடுவே மேலும் கீழுமாகப் போய் வந்துகொண்டிருந்தார். இழுக்க ஊன்றிக்கொள்ள ஒன்றும் இல்லை. மணி தன்பாட்டுக்கு ஓய்ந்துகொண்டிருந்தது, மிக வேகமாக.

"டில்லி! வாலைப் பிடி! கயிற்றின்ரை வாலை!"

திலகவதி பாய்ந்து பிடித்தாள். சிறு வயதில் பிள்ளையார் கோயில் மணிக்கயிற்றை மற்றப் பிள்ளைகளோடு இழுத்திருக்கிறாள். அது இழுத்தால் அடிக்கும். இது இழுத்தவரையே இழுக்கிற மணி. புதுசாகப் பிடித்தவர்களைக் கூரைவரை தூக்கி எறிந்து கையை முறித்த மணி அது. மேலே போகிற கயிறு அவளையும் தூக்கப் பார்த்தது. தோள்மூட்டு கழன்றதுபோல இருந்தது. உள்ளங்கை எரிந்தது. கால்கள் மட்டும் தரையை விடவில்லை.

"இப்ப இழு!" என்றார் நோரா, கயிற்றை விட்டுக் கூரைக்குப் போய், அங்கிருந்து தலைகீழாகப் பார்த்துக்கொண்டு. "நல்லா இழு. விடு. மேலை போகவிடு. இப்ப இழு. நிப்பாட்டாதை என்ரை அம்மா, நிப்பாட்டினால் எல்லாரும் விழுவினம். கொஞ்சம் சுருக்கிப் பிடி. விடு. இன்னும் கொஞ்சம் சுருக்கு."

"பயமாக் கிடக்கு நோரா!"

"எனக்கும்தான். இழு!"

அவள் இழுத்தாள், விட்டாள், கயிற்றை ஒரு பிடி சுருக்கினாள், இழுத்தாள், விட்டாள். கோபுரத்துச் சின்ன யன்னலால் முதலில் ஆகாயம் மட்டும் தெரிந்தது. பிறகு ஒரு சோடிச் சப்பாத்து தெரிந்தது. பிறகு முழங்கால்கள், கோட்டு விளிம்புகள், ஒரு நாயின் வயிறு, க்ளைவின் பீப்பாய், ஹெஸ்டரின் வெள்ளைத் தலை, எல்லாம் மெல்ல மெல்ல யன்னலைத் தாண்டிக் கீழே போயின, இலை உதிர்கிறதுபோல ஒருவருக்குப் பின் ஒருவராக. அவள் ஒவ்வொரு முகத்தையும் தேடினாள். குகதாசனைக் காணவில்லை. கை வழுக்கியது, இரத்தமாக இருக்கும். "இப்ப விடாதை, இப்பதான் விடக்கூடாது," என்றார் நோரா. அவருடைய குரலும் கூரையிலிருந்து இறங்கிப் பக்கத்தில் வந்துகொண்டிருந்தது. கடைசியில் யன்னலில் ஒரு வெறுங்கால் தெரிந்தது. பிறகு அவர் முகம். வெளிறிப்போய், கண்ணாடிக்கு வெளியே, "திலகம்" என்று வாயசைத்தது. அவள் சுருக்கினாள், இழுத்தாள், விட்டாள். மணி முனகி, ஒருமுறை தட்டி, ஓய்ந்தது.

அவள் கீழே இறங்கி வந்தபோது சனம் இடுகாட்டுப் புல்லிலும் தாராக்குளத்திலும் கிரிக்கெட் மைதானத்திலும் இருந்த இடத்திலேயே இருந்தது. சிலர் புல்லைக் கையால் தடவிக்கொண்டிருந்தார்கள். அவளைக் கண்டதும் எழும்பி ஓடிவந்தார்கள். குகதாசன் அவளுடைய கைகளை விரித்துப் பார்த்துவிட்டு, தன் சட்டையைக் கழற்றிச் சுற்றினார். மற்றவர்களெல்லாம் பேசத் தொடங்கினார்கள். கல்லுப் பெண்ணுக்குப் பக்கத்தில் டில்லிக்கும் ஒரு கல் வைக்கவேண்டும் என்றார் போதகரம்மா. ஒழுங்கைக்கு அவள் பெயர் வைக்கவேண்டும் என்றார் அண்ணன், தம்பி ஆமோதித்தார். வருசம் முழுக்க பீர் இலவசம் என்றார் க்ளைவ், அவள் பீர் குடிப்பதில்லை என்பதை மறந்து.

"தரைக்காரிக்கு என்ன வேணுமோ அதைக் கேளுங்கோ," என்றார் ஹெஸ்டர், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

திலகவதி இடுகாட்டு மதிலில் இருந்தாள். கடைக்கு வருகிறவர்களிடம் ஓம் என்றும் நன்றி என்றும் நல்ல வெயில் என்றும் மட்டுமே சொல்லிப் பழகிய வாயால், அவ்வளவு பேருக்கும் கேட்கச் சொன்னாள்:

"எனக்குக் கல்லு வேண்டாம். எனக்கு மேலை போகவேணும்."

இத்தனை மாதமாக அவள் இதைச் சொன்னதில்லை; கேட்க வேண்டும் என்று அவர்களில் ஒருவருக்கும் தோன்றியதுமில்லை. ஹெஸ்டரின் முகம் சிவந்தது. மற்றவர்கள் கீழே குனிந்து தங்கள் சப்பாத்துகளைப் பார்த்தார்கள்.

"மணியாலை ஏலாது," என்றார் நோரா பெக் கடைசியில். சுற்றிவரப் பார்த்தார், ஊரை எடை போடுகிறதுபோல. "ஆனால் நாங்கள் இவ்வளவு பேர் நிக்கிறம். ஆரிட்டையாவது பெரிய தறப்பாள் இருக்கோ?"

அண்ணன் தம்பியிடம் வைக்கோல் மூடுகிற தறப்பாள் இருந்தது, பச்சை நிறம், இருவரும் வருசக்கணக்காக எனக்கு உனக்கு என்று நின்றது. அதைக் கிரிக்கெட் மைதானத்தின் நடுவில் விரித்தார்கள். ஊர் முழுக்கச் சுற்றிவர நின்று விளிம்பைப் பிடித்தது: போதகரம்மா, பால்காரன், ஊர்த் தாதி, பாதுகாப்புப் பரிசோதனை உத்தியோகத்தர், அவர் மனைவி. மணி இல்லை. எல்லோருக்கும் முழுப்பாரம் இருந்தது. காலைப் பரப்பி ஊன்றி நின்றார்கள். திலகவதி செருப்பைக் கழற்றிவிட்டு நடந்து போய் நடுவில் இருந்தாள், சேலையைக் காலோடு சுற்றிக்கொண்டு.

"விழுத்திப்போட்டால்?" என்றார் குகதாசன், விளிம்பைப் பிடித்தபடி. "ஐயோ, கவனம், கவனம்."

"எல்லாரும் ஒண்டா!" என்றார் நோரா. "நான் சொல்லேக்கை!"

முதல் தரம் அவள் கொஞ்சந்தான் கிளம்பினாள், பாயில் உருண்ட பூசணிக்காய்போல. "பாரம்தான்," என்று க்ளைவ் மூச்சு வாங்கினார், எல்லோரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். இரண்டாம் தரம் தலைகளுக்கு மேலே போனாள். மூன்றாம் தரம் அந்த ஊர் தன் தோளையும் முதுகையும் வருத்தக்கார முழங்கால்களையும் முழுக்கப் போட்டு எறிந்தது. திலகவதி மேலே போனாள், வேலியைத் தாண்டி, மதுச்சாலைக் கூரையைத் தாண்டி, சேலைத் தலைப்பு பின்னால் விரிய, யாரும் தன்னைப் பிடித்திராத ஆகாயத்துக்குள் போனாள். உச்சியில் ஒரு கணம், போகவும் இல்லை வரவும் இல்லை என்ற அந்த ஒரே கணம், வயிற்றுக்குள் இருந்த பாரம் எல்லாம் எங்கோ கழன்று போனது. அவள் ஆற்றைக் கண்டாள். தோட்டங்களைக் கண்டாள். அடுத்த மேட்டுக்கு அங்கால், பெயர்கூடத் தெரியாத ஒரு வீட்டுப் பின்வளவில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டு நின்ற ஒரு பெண் இவளைக் கண்டாள். கையிலிருந்த ஈரத் துவாயை உயர்த்தி ஆட்டினாள். திலகவதியும் கட்டுப்போட்ட கையை ஆட்டினாள்.

பிறகு, விழ விழ, தொண்டை கிழியத் தன் தமிழிலேயே கத்தினாள்:

"இன்னொருக்கா! இன்னொருக்கா!"

"டில்லி என்ன சொல்லுறா?" என்று க்ளைவ் கேட்டார்.

"பேந்து சொல்லுறன்," என்றார் குகதாசன், கண்ணை மேலிருந்து எடுக்காமல். "இப்ப காலை ஊண்டி நில்லுங்கோ. வாறா."